சுண்டுவிரல்

பிற்பகல் வெயில் விழும் ஜன்னலோரத்தில் வயதான கொத்தனார் கைபேசியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திரையில் அவருடைய மகள், தானே வரைந்து கட்டிய முதல் வீட்டின் முன்னால் நிற்கிறாள். “எல்லாரும் ஹார்ட் போட்டாச்சு, எங்கப்பா மட்டும்தான் பாக்கி” என்று படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறாள். அவர் கட்டைவிரலால் அந்த இதயத்தை அழுத்துகிறார். நாற்பது வருஷச் சிமென்ட்டில் காய்த்துப்போன விரல். திரைக்கு அது விரலாகவே தெரியவில்லை. ஆள்காட்டி விரலுக்கும் அதே மரியாதைதான். “அவ படம் போட ஆரம்பிச்சப்போ, வீட்டு விஷயத்தை ஊருக்கே கடை விரிக்கிறாளேன்னு குதிச்சீங்க!” என்று வெங்காயம் உரித்துக்கொண்டே சிரிக்கிறாள் மனைவி. “குடுங்க, நான் அமுக்குறேன்.” “இப்பவும் எனக்குப் பிடிக்கலதான். ஆனா எம் பொண்ணுக்கு நான்தான் போடணும். நீ உன் வேலையைப் பாரு.” விரலைச் சட்டையில் துடைக்கிறார், ஊதிப் பார்க்கிறார். கடைசியில், கரணை பிடித்த காலமெல்லாம் வேலை செய்யாமல் ஒதுங்கியே இருந்த சுண்டுவிரலை நீட்டி, பூசிய சுவரில் ஈரம் பார்ப்பதுபோல மெல்லத் தொடுகிறார். இதயம் பளிச்சென்று சிவக்கிறது. “மறுபடி தொட்டுராதீங்க, வெளுத்துரும்!” என்று எட்டிப் பார்த்துக் கத்துகிறாள் மனைவி. கொத்தனார் அந்தச் சுண்டுவிரலை எதன்மேலும் படாமல் உயரத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.