மாட்யூல் இருக்கும் இடம்

தன் வேலையில் முன்பு இருந்தவன் பைத்தான் மொழியில் எழுதிவிட்டுப் போன வெப் அப்ளிகேஷனைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்யூல் என்கிற கோட் ஃபைல் எதுவும் இருக்க வேண்டிய ஃபோல்டரில் இல்லை. ஓட்டினால், 'அப்படி ஒரு மாட்யூலே இல்லை' என்று எரர் வந்து நின்றது.

"இதுக்குச் சம்பளம் வேற வாங்கியிருக்கான் சார்," என்றாள் பக்கத்து மேசைக்காரரிடம். "மாடு மேஞ்ச மாதிரி வெச்சிருக்கான்."

ஃபைல்களை உரிய ஃபோல்டர்களுக்கு மாற்றி, ஒரு ஃபைல் இன்னொன்றை இழுத்துக்கொள்ளும் இம்போர்ட் வரிகளைத் திருத்தினாள். எரர்கள் ஒவ்வொன்றாக ஒழிந்தன. மிச்சமிருந்த ஒரு மாட்யூலைத் தொடவே அருவருத்து, அப்படியே அழித்தாள். அப்ளிகேஷனோ அழித்ததையே இம்போர்ட் செய்துகொண்டு ஜோராக ஓடியது.

எங்கிருந்து எடுக்கிறது என்று பைத்தானிடமே கேட்டாள். திரையில் அவள் வீட்டுத் தெரு, கதவு எண், மாடி, அலமாரி என்று ஒரு பாதை வந்தது.

"போற போக்குல நக்கல் வேற பண்ணியிருக்கான்!" என்று உதட்டைச் சுழித்தாள். அவள் வீட்டுக்கு மாடியே கிடையாது. கூரைக்கு மேல் வானம்தான். தங்கையிடம் சொல்லிச் சிரிக்கலாமென்று போன் போட்டாள்.

"ஏய், நம்ம மாடி அலமாரியில என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லேன்."

தங்கை சிரிக்கவில்லை. "உனக்கு வேற வேலையே இல்லையாக்கா? எத்தனை தடவைதான் என்னை ஏறி இறங்க வைப்ப?"

போனில் மரப்படிகள் கிறீச்சிட்டன.

"வேணாம்டி, இறங்கிடு," என்றாள் அவள்.

"பாதி ஏறினப்புறம் சொல்றியே," என்றாள் தங்கை. படிகள் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தன.