பட்டைக்கடியில் பச்சை

போன்சாய் மரத்தைத் தொட்டியோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்தினாள் நிறைமதி. கணவர் ஊரில் இல்லாத பத்து நாளும் தவறாமல் நீர் தெளித்தவள்தான். மேலே பாசி பச்சையாகவே இருந்ததால், அடிமண் கல்லாகக் காய்ந்தது தெரியவில்லை. அவருடைய முதல் மனைவியும் ஒருமுறை இதைக் காயவிட்டாளாம். அதற்குமேல் அவர் சொன்னதில்லை. பட்டைக்கடியில் பச்சை தெரிந்தால் உயிர் உண்டு. நகத்தால் ஒரு கிளையைக் கீறினாள்: பழுப்பு. அடுத்ததும் பழுப்பு. தண்டில் நகம் வைக்கும்போது கதவு திறந்தது. “தினமும் தண்ணி ஊத்தினேங்க,” என்றாள். “நீயுமா?” அவர் அருகில் அமர்ந்து சிரித்தார். “எதுக்கு இப்படி நடுங்குற? உயிர் இருக்கான்னு கீறிப் பாத்தா தெரிஞ்சிடப் போகுது.” மரத்தை அவர் பார்க்கவேயில்லை. அவளுடைய மணிக்கட்டைத் திருப்பி, தன் கட்டைவிரல் நகத்தை மெல்ல அதன்மேல் வைத்தார்.