அவள் பக்கத்துத் தட்டு

தேவானந்தம் பம்பில் தண்ணீர் அடிக்கிறான், பால் காய்ச்சுகிறான், முகம் மழித்துக்கொள்கிறான், கல்லூரிக்குப் போட்டுப்போகச் சட்டை எடுக்க அலமாரியைத் திறக்கிறான். சேலையூர் வீட்டின் காலை வெயில் நடுத்தட்டில் விழுகிறது. தன் விலங்கியல் மாணவர்களோடு மண்டபம் கடற்கரைக்குப் போனபோது அவன் கொண்டுவந்த பவளப்பாறைத் துண்டு அங்கே இருக்கிறது. அடுத்தடுத்து வளர்ந்த இரண்டு பவளங்கள்; இரவில் நூல்போன்ற குடலிழைகளை நீட்டி ஒன்றையொன்று அரித்தவை. நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் பள்ளம். அவன் அதைச் சொல்லக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த அவன் மனைவி யூனிஸ், அன்றைக்கே கல்லை அவன் புத்தகங்களுக்கும் தன் புடவைகளுக்கும் நடுவில் எல்லையாக வைத்தாள். புடவைகளை அவன் அக்கா மெட்டில்டா நேற்றுதான் சபை ஏழைகளுக்குக் கொடுக்க மூட்டை கட்டினாள். அந்தப் பக்கம் வெறும் பலகை. ஓரமாகத் தேய்ந்துபோன ஒரு பாச்சா உருண்டை.

"எத்தன நாளைக்குடா காலியா போட்டு வைப்ப? புக்கெல்லாம் பிதுங்குது பாரு" என்று அக்கா கல்லை நகர்த்துகிறாள். தடித்த புத்தகம் ஒன்று வெறும் பலகையில் சாய்கிறது. ஒரு பவளம் செத்தால் பக்கத்துப் பவளம் அதன்மேல் படர்ந்துவிடும். வகுப்பில் அவனே சொல்வதுதான். அவன் புத்தகத்தை எடுத்துக்கொள்கிறான். கல்லைப் பழைய இடத்திலேயே வைக்கிறான்.

"இன்னாடா இது?" என்கிறாள் அக்கா.

பிரசவத்துக்குப் போக ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்த யூனிஸ் கடைசியாகச் சொன்னது இதுதான்: "உங்க புக் ஒண்ணு என் பக்கம் வந்து கெடக்கு. நான் வர்றதுக்குள்ள எடுத்துடுங்க."