வீட்டு ரொட்டி

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, சின்னக் கதைதான்; கையிலிருக்கும் காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

வேலை விட்டு வந்த ஒருத்தி நனைந்த குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு, நேராகச் சமையலறைக்குள் போய் ஓவன் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள்.

சில்லென்று இருந்தது.

பேக்கரிக் கவுண்டரில் நாள் முழுக்க நின்று விறைத்துப்போன விரல்கள் அந்த ஓவன் சூட்டில்தான் மடங்கத் தொடங்கும். இந்த வாரம் ஒருநாள்கூடச் சூடு இல்லை.

"இன்னைக்கும் மத்தியானமே போட்டுட்டேன்," என்றார் கணவர். "சும்மாதானே இருக்கேன்."

மேசை நடுவில் ரொட்டி இருந்தது, துணி போர்த்தி.

அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தைத் தலை நரைக்கும்வரை ஓட்டியவர் அவர். அச்சகத்தை மூடியதும் வீட்டுக்கு வந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் சட்டைக் கையை மடித்துவிட்டு மாவு பிசைந்தார்.

முதல் ரொட்டி செங்கல். இரண்டாவது, செங்கலுக்குத் தம்பி.

மூன்றாவதை மாடி வீட்டு அம்மா கடித்துப் பார்த்துவிட்டு, "ரொட்டி அண்ணே, பல்லு கட்டுற செலவையும் உங்க கணக்குல சேத்துக்கோங்க," என்றார். கணவர் சிரித்துவிட்டார். வேலை போன பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை.

போகப் போகக் கை வந்துவிட்டது. கூடவே வாயும் வந்துவிட்டது. மாவு, ஈஸ்ட், கரண்ட் எல்லாம் கூட்டினாலும் கடை ரொட்டியில் பாதி விலைதான் ஆகிறது என்று, தெருவில் எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்வார்.

மீதிப் பாதி மிச்சம். அந்த மிச்சம்தான் இப்போது அவர் சம்பளம்.

அவள் ஒருநாளும் குறுக்கே பேசியதில்லை.

எப்படிப் பேசுவாள்? கடை மூடும்போது விற்காமல் நின்ற ரொட்டியில் ஒன்றை அவளுக்குச் சும்மாவே கொடுக்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை. திரும்ப யாரும் அதை விலைக்கு வைத்துவிடாதபடி, நடு உச்சியில் கட்டைவிரலால் ஒரு குழி அழுத்திவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும்.

ஆரம்பத்தில் ஒரு தடவை அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சும்மா கொடுத்தார்கள் என்று வாய் தவறிச் சொல்லியும் விட்டாள்.

மறுநாள் அவர் மாவு டப்பாவைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார்.

அதிலிருந்து அவள் அந்த ரொட்டியைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். யாருக்காவது கொடுக்கலாம்தான். கொடுத்தால், வாங்கியவர் வாயை யார் கட்டுவது?

வெளிக்கதவு தட்டப்பட்டது. மாடி வீட்டு அம்மா. கணவர் எழுந்து போனார்.

இவள் வெட்டி வைக்கலாமென்று துணியை விலக்கினாள். ரொட்டி குப்புறக் கிடந்தது. எப்போதும் வெட்டுகிறவர் அவர்தான். தாள் வெட்டிய கை, துண்டுக்குத் துண்டு ஒரே கனம் இருக்கும். அவள் வெட்டினால் கோணல்தான். பரவாயில்லை என்று அடியில் கை கொடுத்துத் திருப்பினாள்.

அவள் கட்டைவிரல் ஒரு குழிக்குள் போய் உட்கார்ந்தது.

அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது.

குழியில் மாவு அடைத்திருந்தது. அழுக்கேறிய மாவு, தகர வாசனையோடு. விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. அவள் எட்டி மாவு டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள். காற்றைத் தூக்குவது போல வந்தது. மாவு வாங்கணுமா என்று கேட்கும்போதெல்லாம், "இருக்கு, இருக்கு" என்பார்.

கொஞ்ச நாளாக, விடியும் முன்பே தெருமுனைப் பக்கம் நடக்கப் போய்விடுகிறார். உடம்புக்கு நல்லது என்றார்.

வாசலில் அவர் குரல் கேட்டது. "கடையில வாங்குறதெல்லாம் தண்டம்மா. வீட்லயே போட்டுக்கணும். பாதி விலைதான், தெரியுமா?"

முந்தாநாள் சாப்பிடும்போது அவள்தான் சொன்னாள், இப்பல்லாம் கடை ரொட்டி தோத்துடும் போல இருக்கே என்று. அன்றைக்கு ஏனோ அவர் சிரிக்கவில்லை.

உதிர்ந்த மாவைக் கூட்டிக் குழியில் திரும்ப அடைத்தாள். ரொட்டியைக் குப்புற வைத்துத் துணியைப் போர்த்தினாள்.

அவர் வந்து வெட்டினார். ஓரத்துத் துண்டுகளை அவள் தட்டில் வைத்தார். நடுத்துண்டைத் தன் பக்கம் தள்ளிக்கொண்டார்.

"நல்லா வந்திருக்குங்க," என்றாள்.

"ம்," என்றார், தலை நிமிராமல்.

மாவு வாங்கிப் போட்டிருக்கலாமே என்பீர்கள் நீங்கள். போட்டால், அவள் டப்பாவைத் தூக்கிப் பார்த்தது அவருக்குத் தெரிந்துபோகும்.

மறுநாள் கடை மூடும்போது முதலாளி முதுகு காட்டிய நேரத்தில், குழி போடாமலே ஒரு ரொட்டியை எடுத்து இரண்டு தாளில் சுற்றினாள். தெருமுனைக்கு வந்ததும் அதைத் தொட்டிக்குள் போடவில்லை. மூடியின் மேல், மழை படாத பக்கமாக வைத்தாள். கொஞ்ச தூரம் போனவள் திரும்பி வந்து, காற்றில் விழுந்துவிடாதபடி அதைச் சுவரோரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு மாவு டப்பாவின் அடி ஒருநாளும் உங்கள் கண்ணில் படாமலிருக்கட்டும். வேலை விட்டு வருகிற கைகளுக்கு உங்கள் அடுப்பில் எப்போதும் கொஞ்சம் சூடு மிஞ்சியிருக்கட்டும்.