துணைக்குப் போனவள்

"நீங்க உட்கார்ந்து, தண்ணி குடிச்சு, காலை நீட்டி, வேடிக்கையும் பார்த்து முடிச்சிருப்பீங்க. நான் மூச்சு வாங்க வந்து சேருவேன். உடனே, 'வந்துட்டியா? சரி, வா.' மூணு நாளா இதே பாட்டு!"

பல் டாக்டர் போட்ட சத்தம் எதிர்ப்பாறையில் முட்டி இன்னொரு தடவை கேட்டது.

"உனக்காகத்தானே நிக்கிறேன்? மணிக்கணக்கா நிக்கிறேன்!" லிஃப்ட் மெக்கானிக்கும் சளைத்தவர் இல்லை.

"எனக்காக ஒண்ணும் நிக்கலை. உங்க கால் வலிக்குதுன்னு நிக்கிறீங்க."

நான் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தேன். அடுத்தவர் சண்டைக்குக் காது கொடுக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. அது தானாக வந்து விழுந்தால் நான் என்ன செய்ய?

என்னைத் துணைக்கு அனுப்பியது டாக்டரின் அம்மா. எங்கள் எதிர் வீடு. நிச்சயமான ஜோடி, கல்யாணத்துக்கு இருபதே நாள். மலையில் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறி, கணவாயைத் தாண்டி, அடுத்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்குகிற ஐந்து நாள் நடை. இரண்டு பேரையும் தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை.

"சும்மா ஒரு கண்ணு வச்சுக்கோ" என்றாள். கண்ணை வைக்கச் சொன்னால் நான் காதையும் சேர்த்து வைப்பேன் என்று அவளுக்குத் தெரியாதா?

டாக்டரும் நானும் ஒரு கூடாரம். மெக்கானிக்குக்குத் தனிக் கூடாரம். கண் வைக்கும்படி ஒன்றுமே நடக்கவில்லை. அவர் எப்போதும் அரை மைல் முன்னால், ஒரு நீலப் பையாகத்தான் தெரிந்தார்.

ஊரில் என்றால் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். அங்கே எதில் ஏறுவது? முந்தின நாள் நாங்கள் தாண்டி வந்த மரப்பாலத்தை மழைவெள்ளம் கொண்டு போய்விட்டது. மேலிருந்து பார்த்தோம். இரண்டு கரையிலும் கம்பங்கள் மட்டும் நின்றன. போனில் சிக்னல் இல்லை. பையில் இரண்டு நாள் சாப்பாடு. இரு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் ஓர் ஆள் நடக்கும் பாதை. வீடு போய்ச் சேர கணவாய் ஏறித்தான் ஆகவேண்டும். ஏறினால், அவர் முதுகைப் பார்த்தபடிதான்.

பின்னால் வெள்ளம், முன்னால் மாப்பிள்ளை.

டாக்டர் பையை இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு நாளைக்கு இருபது பேரை வாயைத் திறக்கச் சொல்கிறவள், தன் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

மெக்கானிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மேகம் இறங்குது. நான் மேல போய் நிக்கிறேன்."

நீலப் பை சின்னதாகிக்கொண்டே போனது.

"இன்னும் முப்பது வருஷம் இப்படியேவாக்கா?" என்றாள் அவள், இப்போது சத்தமே இல்லாமல். "கல்யாணப் பத்திரிகை வேற அடிச்சாச்சு. நான் என்னக்கா பண்ணுவேன்?"

துணைக்கு வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டாவது கொடுத்திருக்கவேண்டும். ஆனால் இவள் பக்கத்துக் கதை முடிந்துவிட்டது. அவர் பக்கத்துக் கதை தெரியாமல் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

"நீ நல்லா உட்காரு. நான் போய் அவரை நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்."

ஓட்டமும் நடையுமாக ஏறினேன். வம்பு கேட்கப் போகும்போது எனக்கு மூச்சு வாங்குவதே கிடையாது.

கணவாய் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, அவர் உட்காருவதற்கு முன்பே பிடித்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தார். "பரவாயில்லையே! என் நடைக்கு ஈடு கொடுக்கிற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

நாலு கேள்வியில் ஒன்றும் வாயில் வரவில்லை. என்னை ஒருவர் பாராட்டி வெகுநாள் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்கிறவள், அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அரைமணி நேரம் கழித்து டாக்டர் உச்சிக்கு வந்து சேர்ந்தாள். அவர் எழுந்தார். அவள் உட்கார்ந்தாள்.

"வந்துட்..."

"நீங்க போங்க. கல்யாணம் வேண்டாம்." பல்லைப் பிடுங்கிய பிறகு பஞ்சைக் கடிக்கச் சொல்வாளே, அதே குரல்.

அதன் பிறகும் இரண்டு நாள் நடை பாக்கி இருந்தது. முறிந்த கல்யாணத்தையும் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் ஒரே பாதையில் இறங்கினோம். வேறு பாதை இல்லையே.

அடுத்த வருடம் டாக்டர் ஓர் ஓவிய ஆசிரியரைக் கட்டிக்கொண்டு வேறு ஊர் போய்விட்டாள். தெருமுனைக் கடைக்குப் போய்வர முக்கால் மணி நேரம் எடுக்கிற மனிதராம். வழியில் பூனையைக் கண்டால்கூட நின்றுவிடுவாராம். அவள் அம்மா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. "நானே துணைக்கு அனுப்பினேனே" என்று தெருவெல்லாம் சொல்லித் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

இதெல்லாம் இப்போது ஏன் ஞாபகம் வருகிறதென்றால், மூன்றாவது மாடித் திருப்பத்தில், இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு நிற்கிறேன். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது, அவரே பழுது பார்த்தது. படி ஏறினால்தான் உடம்புக்கு நல்லதாம். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது புதிதாக எதுவும் இல்லை. மூச்சு வாங்குகிறது.

மேலே கைப்பிடியில் சாய்ந்து நின்றவர் என் தலை தெரிந்ததும் நிமிர்கிறார்.

"வந்துட்டியா? சரி, வா."

இன்னும் இரண்டு மாடி இருக்கிறது.