மீசைக்கு ஒரு பூ

"மாப்ள, இப்பவே நல்லாத் தடவிக்க. சித்திரை வந்தா அந்த மீசை ஒனக்கு இல்ல!"

விருமாண்டி கத்தியதும் எதிர்வீட்டுக் காசிமாயனுக்கு மீசை துடித்தது. எதிரே வரும் லாரியெல்லாம் ஒதுங்கி வழிவிட்ட மீசை அது. இருவரும் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்கள். கொடைக்கானல் மலர்க் கண்காட்சியில் ஆளுக்கொரு அமரில்லிஸ் பூச்செடிக் கிழங்கு வாங்கியதிலிருந்து இந்தப் பந்தயம். அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் யார் வீட்டில் பூக்கிறதோ, அவர் ஜெயித்தவர். தோற்றவர் மீசையை எடுக்க வேண்டும்.

காசிமாயன் தன் தொட்டிக்கு மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினார். ஹார்லிக்ஸ் கொடுத்தார். ரேடியோ வைத்தார். இலை தென்னங்கீற்று நீளம் வளர்ந்தது, மொட்டைத்தான் காணோம்.

எதிர்வீட்டிலோ விருமாண்டியின் மனைவி ஒச்சாயி குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் நிற்கும் சைக்கிளுக்கே தண்ணீர் ஊற்றுகிறவள். இந்தக் கவனிப்புக்குப் பூக்காமல் இருக்குமா?

தை மாதம் ஒரு மத்தியானம். ஒச்சாயி கோயிலுக்குப் போயிருந்தாள். கேட் திறந்து கிடந்தது. ஜன்னலோரத் தொட்டி காசிமாயனின் துண்டுக்குள் புகுந்து, அவர் கட்டிலுக்கடியில் சாக்குமூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. இருட்டு. சொட்டுத் தண்ணீர் இல்லை.

"என் புள்ளையைத் தூக்கிட்டாய்ங்களே!" விருமாண்டியின் ஒப்பாரி திருமங்கலம் வரை கேட்டது.

"யாருண்ணே எடுத்திருப்பா?" என்றாள் ஒச்சாயி.

"ஆடு தின்னுருக்கும்மா" என்றார் காசிமாயன்.

"தொட்டியையுமா?"

பங்குனியில் விருமாண்டி வந்து நின்றார். "தொட்டி இல்லேன்னா பந்தயமும் இல்ல மாப்ள."

காசிமாயன் கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்தார். இலையெல்லாம் காய்ந்து சருகு. செத்தேவிட்டது! மறுநாளே, "கம்மாக்கரையில கெடந்துச்சு" என்று கொண்டுபோய்க் கொடுத்தார்.

சித்திரையில், அழகர் மலையை விட்டுக் கிளம்பிய அன்று, அந்தச் செத்த கிழங்கில் கிராமபோன் குழாய் அளவுக்கு நாலு சிவப்புப் பூ! எட்டு ஊர் ஜனம் வேடிக்கை பார்த்தது.

சலூன் நாற்காலியில் பாதி மீசை போன நிலையில் காசிமாயன் தேம்பினார். "எங்கட்டிலுக்கடியில செத்துக் கெடந்தது எப்புடிடா பூத்துச்சு?"

விருமாண்டி தன் மீசையை முறுக்கினார். "ரெண்டு மாசம் தண்ணியில்லாம இருட்டுல தூங்குனாத்தான் பூக்கும்னு கிழங்கு வித்தவரு எங்கிட்டச் சொன்னாரு. எங்க வீட்டுல ஒச்சாயி தூங்க விடுவாளா? அதான் கேட்டைத் தெறந்துபோட்டு, நீ தூக்கிட்டுப் போற வரைக்கும் கதவுக்குப் பின்னாடியே நின்னேன் மாப்ள!"