முன்னால் போன வண்டி

"ஒதுங்குய்யா. பாதை என்ன உங்கப்பன் வீட்டுதா?"

சென்னகிருஷ்ணன் தொண்டை கிழியக் கத்தியும், முன்னால் போன கட்டை வண்டி ஒரு சாண்கூட ஒதுங்கவில்லை.

அவர் பேரிகையில் நிலபுலன் உள்ள மனிதர். அறுப்பு முடிந்த கையோடு கூண்டு வண்டியைக் கட்டி, மனைவி சரோஜம்மாளையும் பிள்ளைகள் காவேரியையும் முனிவேலையும் ஏற்றிக்கொண்டு ஒகேனக்கல் அருவி பார்க்கக் கிளம்பியிருந்தார். வழியெல்லாம் வண்டிதான் வீடு. நிழல் கண்ட இடத்தில் சமையல், கூண்டுக்குள்ளேயே படுக்கை. ஓடை தெரிந்தால் பிள்ளைகள் இறங்கி ஆடும். ஒற்றையடிப் பாதை தெரிந்தால் அது எங்கே போகிறதென்று கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்துவிட்டு வரும்.

தேன்கனிக்கோட்டை தாண்டியதும் சென்னகிருஷ்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொழுது சாய்வதற்குள் ஆற்றைப் பார்த்துவிட வேண்டும். அஞ்செட்டியில் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, காட்டுப்பாதை எப்படி இருக்கிறதென்று யாரையாவது விசாரிக்கலாம் என்றாள் சரோஜம்மாள். பாதையைப் பற்றி விசாரிக்க என்ன இருக்கிறது என்று அவர் நிறுத்தாமல் ஓட்டினார்.

அஞ்செட்டியின் கடைசி வீட்டைத் தாண்டியதும் வந்தது வினை. வேப்பமரத்தடியில் வண்டி கட்டி உட்கார்ந்திருந்த ஓர் ஆள், கூண்டுக்குள் ஒரு பார்வை பார்த்தான். அடுத்த நிமிஷம் தன் வண்டியைத் தட்டி இவர்களுக்கு முன்னால் விட்டுவிட்டான்.

அதிலிருந்து ஆமை நடைதான். அவன் மாடுகளின் கழுத்தில் கொத்துக் கொத்தாக மணி. காதைப் பிளந்தது. போதாததற்கு ஒரு தகர டப்பாவை வேறு அவ்வப்போது தட்டினான். சில வளைவுகளில் காரணமே இல்லாமல் வண்டியை நிறுத்தி, மேலே ஏறி நின்று காட்டைப் பார்த்தான். பிறகு ஆற அமர உட்கார்ந்து ஓட்டினான்.

"குடிகாரன்" என்றார் சென்னகிருஷ்ணன்.

"இருக்கட்டுங்க. போற வரைக்கும் போவட்டும்" என்றாள் சரோஜம்மாள்.

ஓர் இடத்தில் பாதையோரம் பாறையிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. சின்ன அருவி. காவேரி சந்தோஷத்தில் வண்டியிலிருந்து குதிக்கப் போனாள். முன்னால் இருந்தவன் திரும்பி, வேண்டாமென்று கன்னடம் கலந்து ஓர் அதட்டல் போட்டான்.

"பேடா. கீழே இறங்க பேடா."

குழந்தை மிரண்டுபோய் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சென்னகிருஷ்ணனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என் பிள்ளையை அதட்ட இவன் யார்?

பாதை கொஞ்சம் அகலமான இடமாகப் பார்த்து மாடுகளை விரட்டி முந்தப் போனார். அவன் சட்டென்று தன் வண்டியைக் குறுக்கே வளைத்தான். சக்கரமும் சக்கரமும் உரசின. கூண்டுக்குள் பாத்திரங்கள் உருண்டன. சென்னகிருஷ்ணன் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். சுதந்திரம் வந்து இத்தனை வருஷமாகியும் உங்களுக்கெல்லாம் வழி விடத் தெரியவில்லையே என்றார். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு டப்பாவைத் தட்டியபடியே போனான்.

ஒருவழியாகக் காடு விலகி, ஆற்றின் இரைச்சல் கேட்டது. அப்போதுதான் அவன் ஒதுங்கி வழி விட்டான். கூண்டு வண்டி கடந்து போகையில் பிள்ளைகள் இரண்டையும் ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு வண்டியைத் திருப்பி மரத்தடியில் நிறுத்தினான். அருவிப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

சென்னகிருஷ்ணன் அவனை விடுவதாக இல்லை. நேரே வனத்துறை கேட்டில் நின்ற பாரஸ்ட் கார்டிடம் போய் நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். இந்த மாதிரி ஆளையெல்லாம் காட்டுப்பாதையில் விடலாமா என்று கேட்டார்.

கார்டு மரத்தடியை எட்டிப் பார்த்தார். "திம்மப்பன்" என்றார். அப்புறம் இவரை ஏற இறங்கப் பார்த்தார். "புள்ளைங்களை வெச்சுக்கிட்டு அந்தப் பாதையில ஒத்தை வண்டியாவா வந்தீங்க? இந்த வாரம் பூரா அங்க கொம்பன் யானை ஒண்ணு திரியுது. அஞ்செட்டியில யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்களே. மணிச்சத்தம், தகரச்சத்தம் கேட்டாத்தான் அது ஒதுங்கும்."

சென்னகிருஷ்ணன் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார். "அதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் மெல்ல.

"சொன்னா உங்க கை நடுங்கும். கை நடுங்கினா மாட்டுக்குத் தெரிஞ்சிடும். அது மிரண்டா வண்டி பள்ளத்துலதான்."

"இங்க அவருக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்லை. அந்தப் பக்கம் போற வண்டிங்க வந்தா சேர்ந்து ஊருக்குத் திரும்பிடுவான்."

கார்டு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன வருஷம் பொண்டாட்டி புள்ளைங்களை ஏத்திக்கிட்டு இதே அருவியைப் பார்க்கத்தான் வந்தான். வழியில யானையைப் பார்த்து மாடு மிரண்டுடிச்சு. இவன் ஒருத்தன்தான் பொழைச்சான். அன்னிக்கு அவன் வண்டிக்கு முன்னால போக யாரும் இல்லைங்க."